புகைகிறது, சூடேறவில்லை, தார் ஒழுகுகிறது: பழைய இரும்பில் செய்த கணப்பு அடுப்பைச் சரிசெய்வது

ஊட்டியில் டிசம்பர், ஜனவரி மாதங்களில் தலைக்குந்தாவிலும் காந்தலிலும் புல்லின்மேல் உறைபனி வெள்ளையாகப் படிந்திருக்கும். அந்த நேரத்தில் ஒரு தச்சுப் பட்டறையைத் திறந்தால் உளியின் பிடியே கையைக் கடிக்கும். அதைவிடப் பெரிய தொல்லை பசை. மரவேலைக்குப் பயன்படும் வெள்ளைப் பசை கடுங்குளிரில் சரியாக இறுகாது. காய்ந்த பிறகு இணைப்பில் சுண்ணாம்புப் பொடிபோல் வெளுத்து நிற்கும். ஒரு தட்டு தட்டினால் விட்டுவிடும். பசை இறுகவேண்டும் என்பதற்காகவே என் பட்டறைக்கு முதல் கணப்பு அடுப்பைச் செய்தேன்.

பழைய இரும்புக் கடையில் எடைக்கு வாங்கிய குழாய்த் துண்டு அது. விட்டம் 12 அங்குலம், நீளம் 2 அடி, கனம் 6 மி.மீ. அதைப் படுக்கவைத்து, பின்பக்கம் தகடு அடைத்து, முன்பக்கம் கதவு மாட்டி, கீழே ஆங்கிள் கால்கள் வைத்து, மேலே பின்புறமாக 6 அங்குலப் புகைக்குழாய் ஏற்றினேன். செய்வதற்கு இரண்டு நாள் போதுமாக இருந்தது. ஒழுங்காக எரியவைக்க இரண்டு குளிர்காலம் பிடித்தது. அதன்பின் குன்னூர், கோத்தகிரிப் பக்கம் நண்பர்கள் செய்த அடுப்புகளையும் பார்த்துச் சரிசெய்து கொடுத்திருக்கிறேன்.

கோளாறு வந்தால் எல்லோரும் முதலில் விறகு எரியும் பெட்டியைத்தான் வெட்டி ஒட்டத் தொடங்குகிறார்கள். நான் பார்த்தவரை குற்றம் பெரும்பாலும் பெட்டியில் இருப்பதில்லை. குழாய்க்குள் நிற்கும் சூடான காற்று மேலே ஏறுவதால்தான் கீழே புதுக் காற்று உள்ளே வருகிறது. அந்த இழுப்பு சரியாக இருந்தால் கோணல்மாணலான பெட்டியும் எரியும். இழுப்பு இல்லையென்றால் அழகாக வெல்டிங் செய்த பெட்டியும் புகையும். ஆகவே எந்த அறிகுறி வந்தாலும் முதலில் குழாயைப் பாருங்கள், அடுத்து விறகை, கடைசியாகப் பெட்டியை. கையில் ஒரு ஊதுபத்தியும் நாள்காட்டியில் கிழித்த சில தாள்களும் இருந்தால் பாதிச் சோதனைகளைச் செய்துவிடலாம்.

புகையும் இல்லை, வாடையும் இல்லை. ஆனால் தலை வலிக்கிறது

இதை முதலில் எழுதக் காரணம், மற்ற கோளாறுகள் வேலையைக் கெடுக்கும், இது ஆளைக் கொல்லும் என்பதுதான். தலைவலி, குமட்டல், காரணமில்லாத தூக்கம், பட்டறையில் இருக்கும் இரண்டு மூன்று பேருக்கும் ஒரே நேரத்தில் ஒரே மாதிரி சோர்வு என்றால் வேறெதையும் ஆராயாதீர்கள். உடனே எல்லோரும் வெளியே வந்துவிடுங்கள். போகும் வழியில் கதவைத் திறந்து வைத்துவிட்டுப் போங்கள். யாராவது மயங்கியிருந்தால் வெளியே இழுத்துவந்து 108-ஐ அழையுங்கள்.

இது கார்பன் மோனாக்சைடு. நிறமும் மணமும் இல்லாத வாயு. ரத்தத்தில் இருக்கும் ஹீமோகுளோபினோடு ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கு மேல் இறுக்கமாக ஒட்டிக்கொள்ளும். விறகு கொழுந்துவிட்டு எரியும்போதைவிட, அது தணலாகிக் கிடக்கும் நேரத்தில்தான் ஆபத்து அதிகம். புகை கண்ணுக்குத் தெரியாது, குழாய் ஆறத் தொடங்கி இழுப்பும் குறைந்திருக்கும். சூடு வீணாகக்கூடாது என்று அந்த நேரம் பார்த்து ஒருவர் குழாயில் உள்ள அடைப்புத் தட்டை முழுவதும் திருப்பி மூடுவார். தணலின் வாயு முழுக்க அறைக்குள்தான் வரும்.

பரிகாரம் எளிது. அடைப்புத் தட்டு வைத்திருந்தால் அதைக் கழற்றி, வட்டத்தில் கால் பங்கை வெட்டி எடுத்துவிடுங்கள். பிறகு யார் எப்படித் திருப்பினாலும் குழாய் முழுதாக அடைபடாது. தரைக்கு அருகே சுவரில் 4 அங்குலத் துளை ஒன்று எப்போதும் திறந்தே இருக்கட்டும். பேட்டரியில் ஓடும் கார்பன் மோனாக்சைடு எச்சரிக்கைக் கருவி ஒன்றை வாங்கி மாட்டுங்கள். அடுப்பில் தணல் இருக்கும்போது பட்டறையில் படுத்துத் தூங்க வேண்டாம். குழாயே இல்லாத குமுட்டியில் கரி போட்டு அறைக்குள் வைப்பது இதைவிடக் கொடியது. மலைப்பகுதிகளில் அப்படி இறந்தவர்களைப் பற்றிக் குளிர்காலத்தில் செய்தி வருவதுண்டு.

பற்றவைத்ததும் புகை முழுக்க அறைக்குள் வருகிறது, பத்து நிமிடத்தில் சரியாகிவிடுகிறது

குழாய்க்குள் இரவெல்லாம் தங்கிய குளிர்காற்று கனமானது. அது மேலே போகாமல் தக்கைபோல் அடைத்துக்கொண்டிருக்கும். ஊட்டி போன்ற கிண்ணப் பள்ளத்தாக்கில் இன்னொரு சிக்கலும் உண்டு. இரவில் குளிர்காற்று சரிவிறங்கிப் பள்ளத்தில் தேங்கும், அதற்குமேல் சற்றே சூடான காற்று மூடிபோல் நிற்கும். காலையில் வீடுகளின் புகை மேலே ஏறாமல் கூரைமட்டத்தில் படுக்கையாக விரிந்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அந்தக் காலைகளில் எந்தக் குழாயும் முதலில் முரண்டுபிடிக்கும்.

தீக்குச்சி கிழிக்கும் முன் ஊதுபத்தியைக் கொளுத்தி அடுப்பின் திறந்த வாயருகே பிடியுங்கள். புகை உள்ளே சாய்ந்தால் இழுப்பு இருக்கிறது. நேராக நின்றால் குழாய் தூங்குகிறது. உங்கள் பக்கம் சாய்ந்தால் காற்று தலைகீழாக இறங்குகிறது. அப்போது விறகைப் பற்றவைப்பது வீண். காற்று வரும் பக்கத்து ஜன்னலை ஒரு சாண் திறந்து வையுங்கள். இரண்டு செய்தித்தாளைக் கசக்கி, குழாயின் அடியிலுள்ள துப்புரவு மூடி வழியாக உள்ளே வைத்துக் கொளுத்துங்கள். அந்த மூடி இல்லையென்றால் பெட்டிக்குள் குழாய் வாய்க்கு நேர்கீழே வைத்தால் போதும். காகிதம் குப்பென்று எரிந்து ‘ஹூ’ என்று ஒரு சத்தம் கேட்கும். தக்கை விலகிவிட்டது என்று பொருள்.

விறகை அடுக்கும் முறையும் உதவும். பெரிய கட்டைகளைக் கீழே, நடுத்தரத்தை அதன்மேல், சிம்புகளை உச்சியில் வைத்து, உச்சியில் தீ வையுங்கள். நம் விறகடுப்புப் பழக்கத்துக்கு இது நேர்மாறாகத் தோன்றும். ஆனால் முதல் ஜுவாலை குழாய்க்கு அருகே எழுவதால் அது விரைவில் சூடேறும். கீழிருந்து வரும் புகையும் அந்த ஜுவாலையைத் தாண்டும்போது எரிந்துவிடும்.

தினமும் இதே தொல்லை என்றால் குழாய் போகும் வழியைப் பாருங்கள். சுவரைத் துளைத்து உடனே வெளியே கொண்டுபோய் வெளிச்சுவரோடு ஏற்றியிருந்தால் அது எப்போதும் குளிர்ந்தே இருக்கும். பட்டறைக்குள்ளேயே கூரைவரை நேராக ஏற்றுவது நல்லது. அந்தக் குழாயும் அறைக்குச் சூடு தரும்.

பற்றிய பிறகும் இழுப்பு மந்தமாகவே இருக்கிறது

உயரம், அகலம், வளைவு ஆகிய மூன்றையும் இதே வரிசையில் அளந்து பாருங்கள்.

அடுப்பு வாயிலிருந்து குழாயின் நுனிவரை குறைந்தது 15 அடி வேண்டும் என்பது பொதுவான கணக்கு. அது சமவெளிக்குரியது. ஊட்டி கடல்மட்டத்திலிருந்து சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. இங்கே காற்றழுத்தம் கடல்மட்டத்தில் உள்ளதில் ஏறத்தாழ முக்கால் பங்குதான். காற்று மெல்லியதாக இருப்பதால், அதே குழாயும் அதே சூடும் இருந்தாலும் இழுப்பு கால் பங்கு குறைகிறது. ஆகவே மலையில் நான் 18 முதல் 20 அடி வைக்கிறேன். கோவையில் ஒருவர் செய்து நன்றாக எரிந்த அடுப்பின் அளவை அப்படியே எடுத்துவந்து இங்கே வைத்துப் புகைந்ததை நேரில் பார்த்திருக்கிறேன். மேலே இன்னும் 4 அடிக் குழாய் ஏற்றினோம். பெட்டியைத் தொடவே இல்லை.

கடையில் கிடைத்தது 4 அங்குலக் குழாய் என்று அதையே மாட்டியிருந்தால் அது போதாது. 6 அங்குலக் குழாயின் உள்பரப்பு 4 அங்குலக் குழாயைப்போல் இரண்டேகால் மடங்கு. பார்வைக்கு இரண்டு அங்குல வித்தியாசம்தான். புகைக்கு அது சந்துக்கும் சாலைக்கும் உள்ள வித்தியாசம்.

செங்கோண வளைவு இரண்டுக்கு மேல் வேண்டாம். படுக்கையாகப் போகும் பகுதி எவ்வளவு குறைவோ அவ்வளவு நல்லது. தவிர்க்க முடியாத இடத்தில் மீட்டருக்கு 2 செ.மீ. வீதம் மேல்நோக்கிச் சாய்த்து வையுங்கள்.

இதெல்லாம் சரியாக இருந்தும் சில மணி நேரங்களில் மட்டும் திடீரென்று புகை திரும்புகிறதா? அப்போது எந்த இயந்திரம் ஓடுகிறது என்று கவனியுங்கள். தூசி உறிஞ்சும் இயந்திரமோ எக்ஸாஸ்ட் விசிறியோ காற்றை வெளியே தள்ளினால், அந்தக் காற்று எங்கிருந்தாவது உள்ளே வந்தாக வேண்டும். கதவும் ஜன்னலும் மூடியிருந்தால் அது புகைக்குழாய் வழியாகத்தான் இறங்கும். விசிறி ஓடும்போது ஜன்னல் திறந்திருக்க வேண்டும், அல்லது அடுப்பு அணைந்திருக்க வேண்டும்.

கதவைத் திறக்கும்போது மட்டும் புகை

முதலில் திறக்கும் விதத்தை மாற்றிப் பாருங்கள். அடுப்புக்குள் காற்று விடும் காற்றுத் துளையை முழுவதும் திறந்து அரை நிமிடம் விடுங்கள். பிறகு கதவை ஒரு விரல் அளவு திறந்து நிறுத்தி, மெதுவாக முழுவதும் திறவுங்கள். விறகு கரியாகிய பின்னரே புதுக் கட்டை போடுங்கள்.

அப்படியும் வந்தால் வாய் பெரிதாக இருக்கிறது. பெரிய கட்டை போட வசதியாக இருக்கட்டும் என்று உச்சிவரை வாயை வெட்டிவிடுகிறோம். வாயின் மேல்விளிம்பும் பெட்டியின் உட்கூரையும் ஒரே மட்டத்தில் இருந்தால் புகைக்குக் கதவு வழிதான் அருகில். வாயின் மேல்பகுதியில் உட்புறமாக 2 அங்குலத் தகடு ஒன்றை உதடுபோல் தொங்கவிட்டு வெல்டிங் செய்யுங்கள். இந்தச் சிறு தகடு செய்யும் வேலை ஆச்சரியமானது.

காற்றடிக்கும் நாட்களில் மட்டும் புகை

ஜூன் முதல் ஆகஸ்ட் வரை தென்மேற்குப் பருவக்காற்று வீசும்போது வரும் தொல்லை இது. கூரை முகட்டையோ பக்கத்துக் கற்பூர மரத்தையோ (யூகலிப்டஸ்) தாண்டிவரும் காற்று மறுபக்கம் கீழ்நோக்கி விழும். குழாயின் நுனி அந்தச் சுழலுக்குள் இருந்தால் புகை திரும்பும். குழாய் கூரையைத் துளைத்து வெளிவரும் இடத்திலிருந்து குறைந்தது 3 அடி உயரமும், சுற்றிலும் 10 அடிக்குள் உள்ள எதையும்விட 2 அடி கூடுதல் உயரமும் இருக்க வேண்டும். மழைக்குத் தொப்பி போடுங்கள். தொப்பிக்கும் குழாய்க்கும் இடையே 4 அங்குலமாவது இடைவெளி விடுங்கள். குருவி வராமலிருக்கச் சிலர் பொடிக்கண் வலையைச் சுற்றுகிறார்கள். ஒரு மாதத்தில் தார் படிந்து வலை சுவராகிவிடும்.

குழாய் இணைப்பில் கருப்பாக ஒழுகுகிறது

இந்த ஒரு அறிகுறியைப் பற்றி எவ்வளவு எழுதினாலும் தகும்.

என் முதல் குளிர்காலத்தில் ஜனவரி மாதம் குழாயின் நடு இணைப்பைக் கழற்றினேன். உட்புறம் பூராவும் கருப்பாகப் பளபளத்தது. பனைவெல்லப் பாகு காய்ச்சிய சட்டியை ஆறவிட்டால் விளிம்பில் கண்ணாடிபோல் ஒட்டி நிற்குமே, அப்படி. நகத்தால் கீறினால் சில்லு சில்லாக உதிர்ந்தது. மூக்கைத் துளைக்கும் புளித்த கரிவாடை. 6 அங்குலக் குழாயின் வாய் சில இடங்களில் 5 அங்குலமாகச் சுருங்கியிருந்தது. நான் எரித்த விறகில் ஒரு பகுதி சூடாக மாறாமல் அந்தக் குழாயில் ஒட்டிக்கொண்டிருந்தது. அதற்குத் தீப்பிடித்தால் என்ன ஆகும் என்பது அப்போது எனக்குத் தெரியாது.

விறகுப் புகையில் நீராவியும் அமிலமும் தாரும் இருக்கின்றன. குழாயின் உள்சுவர் ஏறத்தாழ 120 டிகிரி செல்சியஸுக்குக் கீழே இருந்தால் இவை அதில் பட்டுக் குளிர்ந்து படியும். அப்படிக் குளிர்வதற்குப் பெரும்பாலும் இரண்டு காரணங்கள்: விறகு ஈரமாக இருக்கிறது, அல்லது நெருப்புக்குக் காற்று போதவில்லை.

ஈரத்தை எடுத்துக்கொள்வோம். அப்போதுதான் வெட்டிய மரத்தின் எடையில் பாதியளவுக்குத் தண்ணீர் இருக்கலாம். ஒரு நாளைக்கு 20 கிலோ பச்சை விறகு எரித்தால், சிறு குடம் நிறைய, 10 லிட்டர் தண்ணீரைக் கொதிக்கவைத்துக் குழாய் வழியே ஏற்றுகிறீர்கள். பட்டறைக்கு வரவேண்டிய சூடு அந்தக் குடத்துக்குப் போய்விடும். ஈரம் 20 விழுக்காட்டுக்குக் கீழே இறங்கிய விறகே அடுப்புக்கு உகந்தது.

நீலகிரியில் நமக்குக் கிடைப்பவை கற்பூர மரமும் சீகை மரமும் (வாட்டில்) தான். இரண்டுமே 19ஆம் நூற்றாண்டில் விறகுத் தேவைக்காக இந்த மலையில் கொண்டுவந்து நட்டவை. கற்பூர மரத்தைப் பச்சையாக இருக்கும்போதே பிளந்துவிடுங்கள். காய்ந்தபின் அதன் முறுக்கு நார் கோடரியை விடாது. சீகை எளிதாகப் பிளக்கும், நல்ல தணல் தரும். பிடுங்கிய பழைய தேயிலைச் செடியின் அடிக்கட்டை கிடைத்தால் விடாதீர்கள். சின்னதாக இருந்தாலும் நின்று எரியும். எதுவானாலும் ரசீதோடு வாங்குங்கள். இங்கே சொந்த நிலத்து மரத்தை வெட்டவும் அனுமதி வேண்டும். 1955ஆம் ஆண்டின் மலைப்பகுதி மரங்கள் பாதுகாப்புச் சட்டம் நடப்பில் உள்ளது.

ஜனவரியில் வாங்கி, 3 அங்குலத் துண்டுகளாகப் பிளந்து, அடுத்த டிசம்பரில் எரிப்பது என் வழக்கம். தரையிலிருந்து ஒரு சாண் உயர்த்தி அடுக்குங்கள். மேலே மட்டும் தகரம் போடுங்கள். நாலு பக்கமும் காற்றோடட்டும். பிளாஸ்டிக் தாளால் முழுக்கச் சுற்றிவைத்தால் மழை படாது, ஆனால் உள்ளிருக்கும் ஈரமும் வெளியே போகாது. காளான் பூத்துவிடும்.

காய்ந்ததா என்று அறிய இரண்டு துண்டுகளை ஒன்றோடொன்று தட்டுங்கள். காய்ந்த கட்டை ‘டங்’ என்று தெளிவாக ஒலிக்கும். ஈரக்கட்டை ‘தொப்’ என்று அமுங்கும். வெட்டுமுகத்தில் நடுவிலிருந்து விரியும் வெடிப்புகள் தெரிய வேண்டும். சந்தேகம் இருந்தால் ஒரு துண்டைக் கடைத் தராசில் நிறுத்து, எடையை அதன்மேலேயே சாக்பீஸால் எழுதி, அடுப்பருகே ஒரு வாரம் வைத்து மறுபடி நிறுங்கள். எடை நன்றாகக் குறைந்திருந்தால் அந்த அடுக்கு இன்னும் தயாராகவில்லை.

இரண்டாவது காரணம் காற்றுப் பஞ்சம். விறகு நெடுநேரம் நிற்கட்டும் என்று காற்றுத் துளையை மூடி நெருப்பை நீறுபூக்க விடுவதுதான் தாரை உண்டாக்கும் முதல்தரமான வழி. சிறு நெருப்பு வேண்டுமென்றால் விறகைக் குறையுங்கள், காற்றைக் குறைக்காதீர்கள். காலையில் பற்றவைத்ததும் கால் மணி நேரமாவது முழுக்காற்றில் எரியவிடுங்கள்.

இனி ஒழுகலுக்கு வருவோம். தார் உண்டானாலும் அது வெளியே வரக்கூடாது. வெளியே வருகிறதென்றால் குழாய்கள் தலைகீழாகச் செருகப்பட்டிருக்கின்றன. கீழ்க்குழாயின் நுனி மேல்குழாய்க்குள் போனால் புகை கசியாது என்று நினைத்து நானும் அப்படித்தான் மாட்டினேன். மேலிருந்து வழியும் தார் இணைப்பின் வெளிப்பக்கம் வந்து சொட்டியது. மேல்குழாயின் சுருக்கிய நுனி கீழ்க்குழாய்க்குள் இறங்க வேண்டும், கூரை ஓட்டில் தண்ணீர் வழிவதுபோல. அப்போது வழியும் எதுவும் அடுப்புக்குள் போய் எரிந்துவிடும். புகை கசியுமே என்று அஞ்ச வேண்டாம். இழுப்பு இருக்கும்வரை இணைப்பின் இடுக்கில் காற்று உள்ளேதான் போகும். ஊதுபத்தியைப் பிடித்துப் பாருங்கள், தெரியும். ஒவ்வோர் இணைப்புக்கும் மூன்று திருகாணி போட்டு இறுக்குங்கள்.

குளிர்காலத்தில் மாதம் ஒருமுறை குழாயைக் கம்பித் தூரிகையால் தேயுங்கள். படிவு 3 மி.மீ. ஆகிவிட்டால் மாதக் கணக்கைப் பார்க்காமல் உடனே தேயுங்கள்.

படிந்த தார் தீப்பிடித்தால் குழாய்க்குள் பெரிய லாரி மலை ஏறுவதுபோல் உறுமல் கேட்கும். குழாய் அதிரும், சிவக்கும். கதவையும் எல்லாக் காற்றுத் துளைகளையும் மூடுங்கள், எல்லோரையும் வெளியேற்றுங்கள், 101-ஐ அழையுங்கள். தண்ணீர் ஊற்றாதீர்கள், சிவந்த குழாய் வெடித்துப் பிரியும். நெருப்பு அடங்கினாலும் குழாயைப் பிரித்துச் சோதிக்காமல் மறுபடி மூட்ட வேண்டாம்.

நன்றாக எரிகிறது, விறகும் தீர்கிறது, பட்டறை சூடாகவில்லை

குழாயின் அடிப்பகுதி பெட்டியைவிடச் சூடாக இருக்கிறதா? அப்படியானால் ஜுவாலை நேரே குழாய்க்குள் ஓடிவிடுகிறது. பெட்டிக்குள் ஒரு தடுப்புத் தகடு தேவை. என்னுடைய 12 அங்குலக் குழாய் அடுப்பில், உச்சியிலிருந்து 4 அங்குலம் கீழே, பின்சுவரிலிருந்து முன்னோக்கி 6 மி.மீ. தகடு ஒன்றைப் படுக்கையாக வைத்தேன். முன்னே 3 அங்குலம் இடைவெளி. ஜுவாலை முன்னால் வந்து, தகட்டின் முனையைச் சுற்றி மேலேறி, பின்னோக்கி ஓடிய பிறகே குழாயை அடைகிறது. 6 அங்குலக் குழாயின் பரப்பு சுமார் 28 சதுர அங்குலம். தகட்டைச் சுற்றிய வழி எங்குமே அதைவிடக் குறுகக் கூடாது. தகட்டை வெல்டிங் செய்யாமல் ஆங்கிள் துண்டுகளின்மேல் சும்மா வையுங்கள். சில ஆண்டுகளில் வளையும், அப்போது மாற்றலாம். இந்தத் தகட்டின் திறப்பு கதவுப் பக்கம் இருப்பதால், முன்பு சொன்ன உதட்டுத் தகடும் சேர்ந்தே இருக்க வேண்டும்.

தகரக் கூரையின் அடியில் சூடு தேங்கி வெளியேறிவிடுவதும் உண்டு. மேசைக்கு மேலேயாவது மரப் பலகையால் தாழ்ந்த மச்சு போடுங்கள். குழாயிலிருந்து 18 அங்குலம் விலகியே போடுங்கள். தெர்மோகோல் வேண்டாம்.

பெட்டியின் பக்கங்கள் சிவக்கின்றன, தகடு நெளிகிறது

இரும்பு மங்கலாகச் சிவந்தால் சூடு 500 டிகிரியைத் தாண்டிவிட்டது. காற்றைக் குறையுங்கள், கதவைத் திறக்காதீர்கள். தச்சுப் பட்டறையில் இதற்கு வழக்கமான காரணம், பெட்டி நிறையக் காய்ந்த மெல்லிய துண்டுகளையும் இழைப்புச் சுருளையும் அடைப்பதுதான். அவை ஒரே மூச்சில் எரியும். கட்டையோடு கட்டையாகக் கொஞ்சம் கொஞ்சமாகப் போடுங்கள். மரத்தூளை ஒருபோதும் எரியும் நெருப்பில் வீசாதீர்கள்; தூள் காற்றில் பரவிப் பந்தாகத் தீப்பிடித்து முகத்துக்கு வரும்.

200 லிட்டர் எண்ணெய் டிரம்மில் செய்திருந்தால் அதன் தகடு ஏறத்தாழ 1 மி.மீ.தான். அடியில் 2 அங்குலம் மணலும், பக்கங்களில் பாதி உயரம்வரை தீச்செங்கலும் வைத்தால் சில பருவம் தாங்கும். சாதாரணச் செங்கல் விரைவில் வெடித்து உதிர்ந்துவிடும். சுத்தியலின் பின்பக்கத்தால் டிரம்மை மெல்லத் தட்டிக்கொண்டே வாருங்கள். ஓசை சப்பென்று மாறும் இடத்தில் தகடு தேய்ந்துவிட்டது. அதற்கு ஒட்டுப் போட்டுப் பயனில்லை, வேறு பெட்டி செய்யுங்கள்.

புதுப் பெட்டி தேடும்போது சமையல் எரிவாயு சிலிண்டரைத் தொடாதீர்கள். அது எண்ணெய் நிறுவனத்தின் சொத்து, வெட்டுவது குற்றம். உள்ளே தங்கிய வாயு கிரைண்டர் பொறியில் வெடிக்கவும் கூடும். என்ன இருந்தது என்று தெரியாத ரசாயன டிரம்மும் அப்படியே. கனமான குழாய்த் துண்டும், லாரியின் பழைய பிரேக் காற்றுத் தொட்டியும் நம்பகமானவை.

கண் எரிகிறது, மூக்கு அரிக்கிறது. அடுப்புக்குள் வெள்ளைப் பஞ்சுபோல் படிகிறது

முதல் இரண்டு மூன்று நெருப்பில் பெயின்ட் எரியும் வாடை வரும். அதனால் புது அடுப்பைத் திறந்தவெளியில் வைத்து, ஒரு முழுநாள் நன்றாக எரித்த பிறகே உள்ளே கொண்டுவர வேண்டும்.

வெள்ளைப் பஞ்சு என்றால் துத்தநாகம். ஜி.ஐ. எனப்படும் துத்தநாகம் பூசிய தகட்டையோ குழாயையோ நெருப்புக்கு அருகே வைத்திருக்கிறீர்கள். துத்தநாகப் பூச்சு 420 டிகிரியில் உருகும். வெல்டிங் சூட்டில் ஆவியாகும். அந்தப் புகையைச் சுவாசித்தால் அன்று இரவே நடுக்கத்தோடு காய்ச்சல் வரும். பால் குடித்தால் சரியாகிவிடும் என்று வெல்டிங் செய்பவர்கள் நம்புவதுண்டு. பூச்சை முதலிலேயே தேய்த்து எடுப்பதும், காற்றோட்டமான இடத்தில் வேலை செய்வதும்தான் வழி. பெட்டியும் அதையடுத்த முதல் 4 அடிக் குழாயும் பூச்சில்லாத கறுப்பு இரும்பாக இருக்கட்டும்.

பழைய அடுப்பில் திடீரென்று கண் எரிந்தால் யாரோ பிளைவுட் துண்டையோ எம்.டி.எஃப். (மரநாரைப் பசையோடு அழுத்திய பலகை) துண்டையோ வார்னிஷ் அடித்த கட்டையையோ போட்டிருப்பார்கள். பசையும் பூச்சும் எரியும் புகை நுரையீரலுக்குக் கேடு. இந்தக் கழிவுகளைத் தனிச் சாக்கில் போட்டுவைக்கும்படி பட்டறைப் பையன்களுக்கு நான் முதல் நாளே சொல்லிவிடுகிறேன்.

‘குபீர்’ என்று வெடித்துக் கதவு ஆடுகிறது

காற்றை முழுவதும் மூடிய பெட்டியில் எரியாத வாயு சேர்ந்திருக்கும். கதவைச் சட்டென்று திறந்தால் காற்றுப் பட்டு ஒரே நேரத்தில் பற்றும். மெதுவாகத் திறக்கும் பழக்கமே மருந்து. அடுப்பு சரியாக இருந்தும் பட்டறைக்குள் இப்படி ஆனால் பாலிஷில் கலக்கும் தின்னரைச் சந்தேகியுங்கள். அதன் ஆவி காற்றைவிடக் கனமானது. தரையோடு ஊர்ந்து அடுப்புவரை வரும். பாலிஷ் போடும் நாளில் என் பட்டறையில் அடுப்பு மூட்டுவதே இல்லை, எவ்வளவு குளிராக இருந்தாலும்.

கூரைப் பக்கம் கருகல்

ஒற்றைத் தகட்டுக் குழாயிலிருந்து மரச் சட்டம் 18 அங்குலம், அடுப்பின் பக்கங்களிலிருந்து 3 அடி விலகியிருக்க வேண்டும். மரம் பல மாதம் சூடுபட்டுப் பழுப்பேறினால் பிறகு குறைந்த சூட்டிலேயே பற்றும். ஆகவே பழுப்பைக் கண்டதும் வேலையை நிறுத்துங்கள். கூரை ஆஸ்பெஸ்டாஸ் என்றால் அதை அறுக்கவோ துளைக்கவோ வேண்டாம். தூசி நுரையீரலில் தங்கும். சூடுபட்டால் ஓடு வெடித்துச் சிதறும். அந்த ஒரு ஓட்டை முழுதாகக் கழற்றி, அதனிடத்தில் இரும்புத் தகடு போட்டு, அதில் துளையிடுங்கள்.

கதவின் ஓரத்தில் ஜுவாலை தெரிகிறது, காற்றை மூடினாலும் நெருப்பு அடங்கவில்லை

நாள்காட்டித் தாளைக் கதவிடுக்கில் வைத்து மூடி இழுங்கள். தாள் கிழிந்தால் கதவு இறுக்கம். வழுக்கிக்கொண்டு வந்தால் அந்த இடத்தில் காற்று போகிறது. நாலு பக்கமும் இப்படிப் பாருங்கள். 10 மி.மீ. கண்ணாடி நார்க் கயிற்றைத் தீக்களிமண்ணில் தோய்த்துக் கதவோரப் பள்ளத்தில் பதியுங்கள். கடைக்காரர் பழைய ஆஸ்பெஸ்டாஸ் கயிற்றை எடுத்து நீட்டினால் வாங்காதீர்கள். கதவே வளைந்திருந்தால் உட்புறம் ஒரு தகட்டைச் சிறு இடைவெளி விட்டு போல்ட் போட்டு மாட்டுங்கள். சூடு அதன்மேல் படும், கதவு நேராக நிற்கும்.

மழைக்காலம் முடிந்து திறந்தால் உள்ளே செதில் செதிலாகத் துரு

சாம்பல் ஈரத்தை உறிஞ்சி இரும்பை அரிக்கும். எரிக்கும் நாட்களில் அடியில் ஓர் அங்குலச் சாம்பல் இருப்பது தணலுக்கு நல்லது. ஆனால் பருவம் முடிந்ததும் முழுவதும் வாரிவிடுங்கள். அள்ளிய சாம்பலை மூடியுள்ள இரும்பு வாளியில், பட்டறைக்கு வெளியே, வெறும் மண்ணில் வையுங்கள். அதற்குள் தணல் இரண்டு மூன்று நாள்கூட உயிரோடிருக்கும். நன்றாக ஆறியபின் பூண்டுக்கும் பீட்ரூட்டுக்கும் தூவலாம். நம் மலை மண்ணின் புளிப்பைச் சாம்பல் தணிக்கும். தேயிலைக்கு அந்தப் புளிப்பு தேவை, ஆகவே அங்கே போடாதீர்கள். உருளைக்கிழங்குப் பாத்தியிலும் வேண்டாம், கிழங்கின் தோலில் சொறி வரும்.

பெட்டிக்குள் எண்ணெய்த் துணியால் ஒரு முறை துடைத்து, குழாயின் நுனியைத் தகர டப்பாவால் கவிழ்த்து மூடுங்கள். மூடிய அன்றே அடுப்பின் கதவுப் பிடியில் சிவப்புத் துணி ஒன்றை இறுக்கிக் கட்டிவிடுங்கள். டப்பாவை எடுத்துவிட்டு இறங்கிவந்த பிறகுதான் அந்த முடிச்சை அவிழ்க்க வேண்டும்.